சூடு பட்டால் திறக்கும் மருந்துப் பை: நம்பலாமா? காத்திருக்கலாமா?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)

 

வழக்கமாக இந்த நேரத்தில் வங்கிக் கடன், நிலுவை, தணிக்கை என்று பேசுவோம். இன்று ஒரு மருந்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "சமூகப் பணி படிச்சவங்களுக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாங்கள் டாக்டர் இல்லை. ஆனால் தெரியாமல் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு அக்காவுக்கு மூன்று வாரம் வீணாகக் காரணமாகிவிட்டோம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம், டாக்டர்களிடம் கேட்டோம். அதைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறோம்.

நடந்தது என்ன?

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா. பெயரும் ஊரும் வேண்டாம். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம். மார்பகத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, கீமோ ஊசி ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. வாந்தி, வாய்ப்புண், ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அப்போது அவருடைய அண்ணன் மகன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். "அத்தை, இப்ப புது மருந்து வந்துடுச்சு. சூடு வெச்ச இடத்துல மட்டும்தான் வேலை செய்யும். முடி கொட்டாது."

அந்த அக்கா எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் அந்த வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாக்கா, விஞ்ஞானம் வளருதுல்ல, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டோம்.

பக்கத்து டவுனில் சூட்டுக் கட்டில் போட்டு வைத்தியம் செய்யும் ஒரு இடம் இருந்தது. அங்கே போய்க் கேட்டிருக்கிறார்கள். "அதே வைத்தியம்தாம்மா இங்கயும். இருபது நாள் படுத்தா போதும். முப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா குழுவில் உள்கடன் கேட்டார்கள். இதற்கிடையில் மூன்றாவது ஊசிக்குக் குறித்துக் கொடுத்த தேதி தாண்டிவிட்டது.

அந்தக் குழுவின் ஊக்குநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டாக்டர் சீட்டு எங்கக்கா?" சீட்டு இல்லை. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடாமல் எங்களுக்குப் போன் செய்தார். அந்த ஒரு கேள்விதான் நம்மைக் காப்பாற்றியது. அவருக்கு இந்தக் கூட்டத்தில் ஒரு கைதட்டல் கொடுப்போம்.

வீடியோவில் வந்தது பொய்யா? பொய் இல்லை. அப்படி ஒரு மருந்தை உண்மையாகவே செய்தார்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக அதற்காக உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையின் பின்பாதியை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. முன்பாதி, பின்பாதி இரண்டையும் இன்று பார்ப்போம்.

சிவப்பு மருந்தும் அதன் சங்கடமும்

கீமோ வார்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பார்ப்பதற்கு ரோஸ் மில்க் மாதிரி சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். அதன் பெயர் டாக்சோரூபிசின். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்துவிடக் கூடாது, அது மருந்தின் நிறம்தான்.

இந்த மருந்தின் பூர்வீகம் மண். இத்தாலி நாட்டில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது. 1960-களில் கண்டுபிடித்தார்கள். மார்பகப் புற்றுநோய் உட்பட பல புற்றுநோய்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

அப்புறம் என்ன சங்கடம்? வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்து அடிக்கும். புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும், சரி. ஆனால் முடியின் வேரும் வேகமாக வளரும். குடலின் உட்தோலும் வளரும். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமும் அப்படித்தான். களைக்கொல்லி அடிக்கும்போது காற்றில் பறந்து பயிர் மேலேயும் படுகிறதல்லவா, அது மாதிரி. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, ரத்த அணு குறைகிறது. இன்னொன்றும் உண்டு. அளவு மீறினால் இதயத்தைப் பலவீனப்படுத்தும். ஆகவே ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

"மருந்து கட்டிக்குள்ள மட்டும் போய், அங்க மட்டும் கொட்டிட்டு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்?" நமக்குத் தோன்றுகிற இதே ஆசைதான் விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது.

கொழுப்பில் செய்த சின்னப் பை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி, 1960-களின் தொடக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால், அது தானாகவே சின்னச் சின்ன உருண்டைப் பைகளாகிவிடுகிறது. உள்ளே தண்ணீர், சுற்றிலும் கொழுப்புத் தோல். இதற்கு லிப்போசோம் என்று பெயர். மருந்துக்குப் பயன்படுவது எவ்வளவு சின்னது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு.

பை என்று இருந்தால் அதில் ஏதாவது போட்டு வைக்கலாம் இல்லீங்களா? சிவப்பு மருந்தை அதற்குள் அடைத்தார்கள். 1995-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இதை நம் இந்தியாவிலும் தயாரிக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் இதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியக் கம்பெனி தயாரித்ததை இறக்குமதி செய்துகொள்ள அந்த அரசே அனுமதி கொடுத்தது.

ஆனால் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். கடையில் இருக்கிற இந்தப் பை சூட்டுக்குத் திறக்கிற பை இல்லை. இது ரத்தத்தில் பல நாள் சுற்றி, மருந்தை மெதுவாகக் கசியவிடும். இதயத்துக்குப் பாதிப்பு குறையும். ஆனால் உள்ளங்கை, உள்ளங்காலில் எரிச்சலும் புண்ணும் வரலாம். இதைக் காட்டி "இதுதான் அந்தச் சூட்டு மருந்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

சூட்டுக்குத் திறக்கிற பை எப்படி? மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால் உருகிவிடும். ஒவ்வொரு கொழுப்புக்கும் இப்படி ஒரு சூட்டு அளவு உண்டு. அந்த அளவு வரும்வரை கெட்டியாக இருக்கும், வந்ததும் இளகும்.

மருந்துப் பை செய்கிற ஒருவகைக் கொழுப்பு 41 டிகிரி செல்சியஸில் இளகும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. ஜுரம் பார்க்கும் பழைய கணக்கில் சொன்னால், உடம்புச் சூடு 98.6, இளகும் சூடு சுமார் 106. ஆக, உடம்பெல்லாம் சுற்றும்போது பை மூடியே இருக்க வேண்டும். கட்டி இருக்கிற இடத்தை மட்டும் 41 டிகிரி வரை சூடாக்கினால் அங்கே மட்டும் திறக்க வேண்டும். இதுதான் யோசனை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் யாட்வினும் அவருடன் வேலை செய்தவர்களும் 1978-லேயே இதை எழுதி வெளியிட்டார்கள்.

ஆனால் யோசனை வேறு, நடைமுறை வேறு. நம் டவுன் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஸ்டாப்பிங்கில் எவ்வளவு நேரம் நிற்கும்? அந்த நேரத்துக்குள் இறங்கினால்தான் உண்டு. இல்லையென்றால் அடுத்த ஊர்தான். ரத்தமும் அப்படித்தான், கட்டிக்குள் நுழைந்து சில நொடிகளில் வெளியே போய்விடும். அதற்குள் பை திறந்து மருந்தைக் கொட்டியாக வேண்டும். ஆரம்பத்தில் செய்த பைகள் மெதுவாகத் திறந்தன.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீதம், மார்க் டியூஹர்ஸ்ட் இருவரும் அவர்களுடைய குழுவும் இதற்கு வழி கண்டார்கள். கொழுப்புத் தோலில் இன்னொரு வகைக் கொழுப்பைக் கொஞ்சம் கலந்தார்கள். 40, 41 டிகிரி வந்ததும் பை சில நொடிகளில் மருந்தைக் கொட்டிவிட்டது. எலியில் வைத்துச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். பிறகு செல்சியான் என்ற கம்பெனி இதை எடுத்து 'தெர்மோடாக்ஸ்' என்று பெயர் வைத்து மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது.

முதலில் சின்னக் கணக்கு

மார்பகம் எடுத்த பிறகு சிலருக்கு நெஞ்சுத் தோலில் நோய் திரும்பி வரும். மிகவும் வேதனையானது அது. அப்படிப்பட்ட 29 பேருக்கு இந்த மருந்தை ஏற்றி, நெஞ்சுப் பகுதியை மிதமாகச் சூடாக்கினார்கள். அதில் 14 பேருக்கு அந்த இடத்தில் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. 2014-இல் இந்த முடிவு வெளிவந்தது.

கேட்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது இல்லீங்களா? ஆனால் 29 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லை. இந்த மருந்து இல்லாமல் வேறு வைத்தியம் செய்திருந்தால் எத்தனை பேருக்குச் சுருங்கியிருக்கும் என்று இதில் தெரியாது. புதுக் குழு ஆரம்பித்த மூன்று மாதத்தில் எல்லோரும் சந்தாவை ஒழுங்காகக் கட்டுவோம். அதை வைத்து அந்தக் குழுவுக்குத் தர மதிப்பீடு போட முடியுமா? அது மாதிரிதான்.

701 பேரின் பெரிய கணக்கு

பெரிய சோதனையைக் கல்லீரல் புற்றுநோயில் வைத்தார்கள். கல்லீரல் கட்டிக்கு ஏற்கெனவே ஒரு வைத்தியம் உண்டு. தோல் வழியாக ஊசி மாதிரி ஒரு கருவியைக் கட்டிக்குள் செலுத்தி, மின்சாரத்தால் சூடாக்கிக் கட்டியைச் சுட்டுவிடுவார்கள். நடுவில் நன்றாக வெந்துவிடும். ஆனால் ஓரத்தில் சூடு குறைவு. அங்கே சில செல்கள் தப்பித்து மறுபடியும் வளரும். கல்லில் தோசை போட்டால் நடுவில் முறுகி, ஓரம் வேகாமல் இருக்குமே, அப்படி.

இங்கேதான் சூட்டு மருந்து பொருத்தம் என்று நினைத்தார்கள். ஓரத்தில் செல்லைக் கொல்லும் சூடு இல்லை. ஆனால் பையைத் திறக்கிற 40 டிகிரிச் சூடு இருக்கிறது. அங்கே மருந்து கொட்டினால் மிச்சம் மீதி செல்லும் போய்விடும். அருமையான யோசனை.

701 நோயாளிகள் சேர்ந்தார்கள். இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்குச் சூட்டுடன் மருந்துப் பை. இன்னொரு பிரிவுக்கு அதே சூடு, ஆனால் மருந்து இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. ஏன் இப்படி? தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கடன் வாங்கினவரே கணக்கும் எழுதினால் எப்படியோ அப்படி.

2013 ஜனவரியில் முடிவு வந்தது. நோய் திரும்பாமல் இருக்கும் காலம், எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. சோதனை தோற்றது.

பொறுக்கி எடுத்த கணக்கு

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏன் தோற்றது என்று கணக்கைப் புரட்டினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் சூட்டைக் கொஞ்ச நேரமே வைத்திருந்தார்கள். சிலவற்றில் நீண்ட நேரம். ஒரே ஒரு கட்டி இருந்து, 45 நிமிடமோ அதற்கு மேலோ சூடு வைத்தவர்கள் 285 பேர். அவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்த மாதிரி தெரிந்தது.

"அப்ப மருந்து வேலை செய்யுதே!" என்று நமக்குத் தோன்றும். நிதானிப்போம். நம் குழுவில் 15 பேர். கடனை முழுசாகக் கட்டினவர்கள் 8 பேர். அந்த 8 பேரை மட்டும் எழுதி "எங்க குழுவில் 100 சதவீதம் வசூல்" என்று வங்கி மேனேஜரிடம் கொடுத்தால் ஒப்புக்கொள்வாரா? முடிவு தெரிந்த பிறகு பொறுக்கி எடுத்தால், எந்தக் கணக்கும் அழகாகத்தான் தெரியும். அது பொய் என்று சொல்லவில்லை. அதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறோம்.

அவர்கள் அடுத்துச் செய்ததுதான் நேர்மையான காரியம். "சரி, 45 நிமிடம் என்பதை முதலிலேயே விதியாக வைத்து மறுபடியும் சோதிப்போம்" என்று 2014-இல் புதுச் சோதனை ஆரம்பித்தார்கள். 14 நாடுகள், 556 நோயாளிகள். இடையில் கணக்கைப் பார்க்கத் தனியாக ஒரு சுயேச்சையான குழு. நம் கூட்டமைப்புக்கு வெளியிலிருந்து தணிக்கையாளர் வருகிறாரே, அந்த மாதிரி. 2020 ஜூலையில் அந்தக் குழு, "இதைத் தொடர்ந்தும் பலன் தெரிய வாய்ப்பில்லை, நிறுத்துவதை யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். இரண்டாவது சோதனையை வைக்காமல், அந்த 285 பேர் கணக்கை மட்டும் காட்டி விற்றிருந்தால்? உலகம் பூராவும் எத்தனை குடும்பம் நிலத்தை, நகையை விற்று வாங்கியிருக்கும்? தோல்வியை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் இன்று நாமும் தெரிந்துகொண்டு பேசுகிறோம். இந்த இரண்டு சோதனைகளிலும் சேர்ந்த 1,257 நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் எல்லாம் வீணா?

வீண் இல்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் இன்னொரு வழியில் முயற்சி செய்தார்கள். ஊசி குத்தாமல், உடம்புக்கு வெளியிலிருந்தே ஒலி அலையைக் குவித்து, கல்லீரல் கட்டியைச் சூடாக்கினார்கள். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்தால் காகிதம் சுடுகிறதே, அதே மாதிரி. 10 நோயாளிகள். அவர்களின் கட்டிக்குள் சேர்ந்த மருந்து, சூடு வைக்காததைவிடச் சராசரியாக 3.7 மடங்கு கூடியது. 2018-இல் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து சூடு கொடுத்து, உள்ளே மருந்துப் பையைத் திறக்க முடியும் என்று மனிதர்களிடம் காட்டிவிட்டார்கள்.

ஆனால் மருந்து கட்டிக்குப் போய்ச் சேர்வது ஒன்று. அதனால் ஆயுள் கூடுவது இன்னொன்று. சரக்கு குடோனுக்கு வந்துவிட்டது என்பதால் வீட்டில் அரிசி வெந்துவிட்டதாக ஆகாது. அதைக் காட்டப் பெரிய சோதனை இன்னும் தேவை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரிலும், நோய் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு இதே மாதிரி ஒலி அலையும் இந்த மருந்தும் சேர்த்து, 12 பேர் வரை சேர்க்கும் ஒரு சிறு ஆய்வுக்குத் திட்டம் போட்டார்கள்.

ஆக, இன்றைய நிலவரம் இதுதான்: சூட்டுக்குத் திறக்கும் மருந்துப் பை ஆராய்ச்சியில் இருக்கிறது. கடையில் இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் இல்லை. சூட்டுக் கட்டிலில் நிச்சயமாக இல்லை.

அந்த அக்கா இப்போது

ஊக்குநர் போன் செய்த மறுநாளே நாங்கள் அந்த அக்காவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. "ஏன் நிறுத்துனீங்கன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றுதான் கேட்டார். வாந்திக்கு வேறு மாத்திரை எழுதினார். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடர்ந்தார். சிவப்பு மருந்து நாலு ஊசியும் முடிந்துவிட்டது. அடுத்த மருந்து நடக்கிறது. முடி இன்னும் வரவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குழுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். உள்கடனில் மூவாயிரம் எடுத்தார்கள், பஸ் செலவுக்கும் சத்தான சாப்பாட்டுக்கும். அதற்குத் தீர்மான நோட்டில் பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த மூன்று வாரத் தாமதம் என்ன செய்யும் என்று நாங்கள் டாக்டரிடம் கேட்டோம். "இனிமே தவறாம வரட்டும்" என்றார். அந்தப் பதில் எங்கள் மனசில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நேரம் பேசுகிறோம்.

புது வைத்தியம் என்று யாராவது வந்தால் கேட்க வேண்டிய நாலு கேள்வி

1. மருந்தின் பெயரை, வைத்தியத்தின் பெயரைக் கையெழுத்தோடு சீட்டில் எழுதிக் கொடுப்பீர்களா? (எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.)

2. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? ஒப்பிட இன்னொரு பிரிவு இருந்ததா?

3. "இது ஆராய்ச்சி" என்று சொன்னால், எதற்குப் பணம் கேட்கிறீர்கள்? (நம் நாட்டில் மருந்துச் சோதனை என்றால், நமக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள்.)

4. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறீர்களா? (ஆமாம் என்றால், உங்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.)

கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்டவை

கேள்வி: வீட்டில் வெந்நீர் ஒத்தடம், சூட்டுப் பை வைத்தால் அதே பலன் கிடைக்காதா?

பதில்: கிடைக்காது அக்கா. அவர்கள் சூட்டை அளந்து, ஆழத்தில் இருக்கிற கட்டியில் மட்டும் 41 டிகிரியை ஒட்டி வைக்கப் பாடுபட்டார்கள். நம் ஒத்தடம் தோலைத்தான் சுடும். ஆபரேஷன் செய்த இடத்தில், கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுட்டுவிட்டாலும் தெரியாது. அங்கே ஒத்தடம் வேண்டவே வேண்டாம். அதுவும் இல்லாமல், சூட்டுக்குத் திறக்கிற அந்த மருந்தே நம் ரத்தத்தில் இல்லையே! பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி எதற்கு?

கேள்வி: ஜுரம் வந்தால் பை எல்லா இடத்திலும் திறந்துவிடாதா?

பதில்: நல்ல கேள்வி. விஞ்ஞானிகளுக்கும் இந்தக் கவலை உண்டு. அதனால்தான் சாதாரண உடம்புச் சூட்டுக்கு மேலே, 40, 41 டிகிரியை ஒட்டித் திறக்கிற மாதிரி செய்தார்கள். இந்தப் பை ரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரம் முழுவதும் நோயாளி கண்காணிப்பில் இருப்பார். இருந்தாலும் 37 டிகிரியிலேயே கொஞ்சம் கசியத்தான் செய்தது. சோதனையில் இந்த மருந்து பெற்றவர்களுக்கும் ரத்த அணு குறைந்தது. "பக்க விளைவே கிடையாது" என்பது சரியில்லை.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரியில் சூடு வைத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்கிறார்களாமே?

பதில்: உண்மைதான். கதிர்வீச்சோடு சேர்த்து, அளந்து சூடு வைக்கிற சிகிச்சை சில பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. கல்லீரல் கட்டியைச் சுடுவதும் உண்டு. அவையெல்லாம் புற்றுநோய் டாக்டர் பார்த்து, தேவை என்றால் எழுதிக் கொடுப்பவை. நாமாகப் போய்ப் படுத்துக்கொள்கிற கட்டில் இல்லை.

முடிவாகச் சில வார்த்தைகள்

அக்கா தங்கைகளே, நாம் பத்து ரூபாய் சந்தாவுக்கே ரசீது கேட்கிற பெண்கள். ஐநூறு ரூபாய் குறைந்தால் நோட்டை மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறோம். உயிர் விஷயத்தில் மட்டும் யாரோ அனுப்பிய வீடியோவை ஏன் அப்படியே நம்ப வேண்டும்? அங்கேயும் கணக்குக் கேட்போம். எங்களைப் போன்ற களப்பணியாளர்கள் சொன்னாலும் கேளுங்கள், "எங்கே படிச்சீங்க, யார்கிட்ட கேட்டீங்க?" என்று. அன்றைக்கு அந்த அக்கா அப்படிக் கேட்டிருந்தால் நாங்கள் விழித்திருப்போம்.

மார்பகத்தில் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோல் சுருக்கம் என்று எது தெரிந்தாலும் "வலிக்கலையே" என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் சேரும். கார்டு இல்லாதவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம்.

விஞ்ஞானிகள் அந்தப் பையை விடாமல் செய்துகொண்டிருக்கட்டும். ஒரு நாள் அது பெரிய கணக்கிலும் தேறி வரலாம். வந்தால் இதே மேடையில் மகிழ்ச்சியோடு சொல்வோம். அதுவரை கையில் இருக்கிற, தேறிய மருந்தைத் தேதி தவறாமல் எடுத்துக்கொள்வோம். குழுவில் யாருக்காவது ஊசி தேதி என்றால், கூட யார் போவது என்று அந்த மாதக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். அதையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.